தண்ணீர் குடிக்கிற கல்

வெள்ளிக்கிழமை விடியற்காலை. அம்மா வெள்ளிக் கிண்ணத்தில் காய்ச்சாத பசும்பாலை ஊற்றி, ஒரு சிட்டிகை மஞ்சள் கலந்து, தங்கச்சியின் ஓபல் மோதிரத்தை அதில் போட்டுச் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தாள். அரை மணி நேரம் ஊறினால் போதும் என்றுதான் ஜோசியர் சொல்லியிருந்தார். அம்மாவுக்கு எதையும் குறைவாகச் செய்து பழக்கமில்லை, முதல்நாள் ராத்திரியே போட்டுவிட்டாள். விளக்கேற்றிக் கும்பிட்டு மோதிரத்தை எடுத்தால், வெள்ளி வளையத்துக்கு நடுவில் வெந்த ஜவ்வரிசி மாதிரி ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்கிறது. முந்தின நாள் வரை அதற்குள் பச்சையும் ஆரஞ்சும் ஓடிக்கொண்டிருந்தன. இப்போது ஒரு பொட்டு நிறம் இல்லை.

"கல்லு செத்துப் போச்சு அம்மிணி" என்றாள் அம்மா. கல்யாணத்துக்கு 23 நாள் இருந்தது.

இது நடந்தது 2018 ஐப்பசியில். நாங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். மாவட்டம் பாலக்காடு, வீட்டுப் பேச்சு தமிழ், நகை நட்டு வாங்குவதெல்லாம் கோயமுத்தூரில். வேலந்தாவளம் செக்போஸ்டைத் தாண்டினால் தமிழ்நாடு. ஜோசியம் பொள்ளாச்சியில், பத்திரம் மலையாளத்தில், கல்யாணப் பத்திரிகை தமிழில் என்று இரண்டு பக்கமும் கால் வைத்து வாழ்கிற ஊர்.

தங்கச்சிக்குத் துலாம் ராசி. சுக்கிரன் கன்னியில் நீசம் என்று ஜோசியர் பார்த்துச் சொன்னார். சுக்கிரனுக்கு உரிய ரத்தினம் வைரம். அது கட்டுப்படியாகாதவர்களுக்கு உபரத்தினமாகச் சொல்லப்படுகிறவற்றில் ஓபல் ஒன்று. நவரத்தினங்கள் ஒன்பதில் இதற்கு இடமில்லை. அதனால் எங்கள் பாட்டிமார் யாரும் இதைப் போட்டதில்லை, இதை எப்படிப் பராமரிப்பது என்ற கைப்பழக்கமும் வீட்டில் இல்லை. "மூணு காரட்டுக்குக் குறையாம வெள்ளியில கட்டுங்க. அடி திறந்திருக்கணும், கல்லு தோல்ல படணும்" என்றார் ஜோசியர். கோயமுத்தூரில் ஒரு கடையில் 3.12 காரட்டில் ஒரு கல் எடுத்துக் கட்டக் கொடுத்தோம். வாங்கும்போது நான் கேட்ட ஒரே கேள்வி, "ஒரிஜினல்தானே?" என்பது. ஒரிஜினல்தான் என்றார்கள். அது உண்மையும்கூட. எந்த நாட்டுக் கல், தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

அன்று காலை கடைக்கு போன் செய்தேன். "அப்படியெல்லாம் ஆகாதுங்க, நீங்க ஏதோ பண்ணியிருக்கீங்க" என்று வைத்துவிட்டார்கள். அதற்குள் பக்கத்து வீட்டுச் சேச்சிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. லண்டனில் பல வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு வந்தவர், எங்கள் மேல் மிகுந்த பாசம் உள்ளவர். அங்கே வயசான மதாம்மாக்கள் ஓபலைத் தொடவே மாட்டார்கள், நிறம் போனால் போட்டிருப்பவருக்குக் கெடுதல் என்பார்கள் என்று தான் கேட்டதைச் சொன்னார். அக்டோபரில் பிறந்தவர்களுக்கு மட்டும் தோஷமில்லையாம். தங்கச்சி ஐப்பசியில் பிறந்தவள்தான். ஆனால் அம்மாவுக்கு முதல் பாதி மட்டும்தான் காதில் விழுந்தது. மோதிரத்தைச் சிற்றூர்ப் புழையில் விட்டுவிடலாம் என்று கிளம்பிவிட்டாள். புழைக்குப் போகிற வழியில்தான் சிற்றூரில் எங்களுக்குத் தாலி செய்கிற ஆசாரியின் பட்டறை. ஒரு தடவை அவரிடம் காட்டிவிட்டுப் போகலாம் என்று நான் பிடிவாதம் பிடித்ததால் அந்தக் கல் இன்றைக்கும் இருக்கிறது.

ஆசாரி முப்பது வருஷம் கோயமுத்தூரில் கல் பதிக்கிற வேலை பார்த்தவர். மோதிரத்தை வாங்கி வெளிச்சத்தில் ஒரு பார்வை பார்த்தார். பில்லைக் கேட்டார். பில்லில் மோதிரத்தின் மொத்த எடை 4.850 கிராம். தராசில் வைத்தார், 4.900 காட்டியது.

"50 மில்லிகிராம் பால் உள்ள இருக்குதுங்க. இது எத்தியோப்பியா கல்லு. தண்ணி குடிக்கும். குடிச்சா நிறம் போகும், காஞ்சா வரும். சாகலைங்க, வயிறு நிறைஞ்சிருக்குது."

அம்மா அங்கேயே திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் சொன்னதையும் பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். ஓபல் என்பது மணலில் இருக்கிற அதே சிலிக்காதான், கூடவே நீரும் சேர்ந்தது. எடையில் பொதுவாக 3 முதல் 10 சதவீதம் வரை நீர். வைரம், மாணிக்கம் போல இதற்குப் படிக அமைப்பு கிடையாது. மிக நுண்ணிய சிலிக்கா உருண்டைகள், ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் 150 முதல் 300 பங்கு அளவுள்ளவை, எல்லாம் ஒரே பருமனில், எலுமிச்சம்பழத்தை அடுக்கிவைத்த மாதிரி வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த வரிசையில் பட்டு வெளிச்சம் பிரிவதால்தான் நிறங்கள் தெரிகின்றன. உருண்டை சிறிதென்றால் நீலம், பெரிதாகப் பெரிதாகச் சிவப்பு வரைக்கும். கல்லைத் திருப்பினால் நிறம் மாறுவதும் இதனால்தான். 1964-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து இதைக் கண்டுபிடித்தார்கள். அதுவரை இந்த நிறம் எங்கிருந்து வருகிறதென்று உலகத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது. சாயம் எதுவும் இல்லாமல், வெறும் அடுக்கிலிருந்து இத்தனை நிறம் பிறக்கிறது என்பதைப் படித்த அன்று நான் அந்த மோதிரத்தை எடுத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எத்தியோப்பியாவின் வோலோ பகுதியில் 2008-ல் பெரிய அளவில் கிடைக்க ஆரம்பித்த ஓபல், எரிமலைப் பாறையில் விளைவது. பெரும்பாலும் நுண்துளை உள்ளது. ஜெய்ப்பூரில் பட்டை தீட்டி நம் ஊர்க் கடைகளுக்கு வருகிறது. விலை குறைவு, நிறமோ அள்ளிக்கொண்டு போகும். அந்தத் துளைகளில் நீர் புகுந்தால் கல் முழுக்க ஒளி தடையில்லாமல் போய்விடுகிறது. பலகாரம் கட்டின காகிதத்தில் எண்ணெய் ஊறின இடம் கண்ணாடி மாதிரி ஆகுமே, அதே கதை. உலர்ந்த எத்தியோப்பியக் கல்லை நாக்கில் வைத்தால் லேசாக ஒட்டும். ஈரத்தை அது உறிஞ்சப் பார்க்கிறது. வாங்குமுன் கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, ஒரு சொட்டுத் தண்ணீரைக் கல்லின் அடியில் வைத்துப் பாருங்கள். சொட்டு மெல்ல உள்ளே போனால் அது குடிக்கிற கல்.

மோதிரத்தை எப்படிக் காயவைப்பது என்று கேட்டேன். நனைந்த போனைப் போடுவதுபோல் அரிசிக்குள் போடலாமா, வெயிலில் வைக்கலாமா என்று. இரண்டும் கூடாது என்றார் ஆசாரி. வேகமாக உலர்ந்தால் வெடித்துவிடும். பருத்தித் துணியில் சுற்றாமல், துணி மேல் வைத்து, காற்றாடிக்கு நேராக இல்லாமல், அடுப்படி அல்லாத அறையில் விட்டுவிடச் சொன்னார். "கண்ணு வெக்காதீங்க, தினமும் எடுத்துப் பாக்காதீங்க" என்றார் அம்மாவிடம்.

அம்மா தினமும் பார்த்தாள். நாலாவது நாள் என்னை எழுப்பிக் காட்டினாள். ஜவ்வரிசியாக இருந்த கல் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, பூ விழுந்த கண்போல் ஆகியிருந்தது. எனக்கே பயம் வந்துவிட்டது. ஆசாரிக்கு போன் செய்தால், அப்படித்தான் ஆகும், பாதி காய்ந்திருக்கிறது, விடுங்கள் என்றார். துளைகளில் சிலது நீரோடும் சிலது காற்றோடும் இருக்கும்போது வெளிச்சம் சிதறி இப்படி வெளுக்கும். வெளியே துலாவர்ஷம் கொட்டிக்கொண்டிருந்தது, காற்றெல்லாம் ஈரம், அதனால் நாளும் கூடிற்று. பதினோராம் நாள் காலை ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி தெரிந்தது. மறுநாள் ஆரஞ்சு. கார்த்திகையில் விருச்சிகக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீச ஆரம்பித்தபோது முழு நிறமும் வந்துவிட்டது. ஒன்றே ஒன்று, முன்பு பால்வெள்ளையாக இருந்த அடிநிறம் லேசாக மஞ்சள் ஏறிப்போயிருந்தது. மஞ்சள் போட்ட பாலின் வேலை. அது போகவேயில்லை. குடிக்கிற கல் வெறும் தண்ணீரை மட்டும் குடிப்பதில்லை. சாயம், எண்ணெய், சோப்பு எது கிடைத்தாலும் உள்ளே வாங்கிக்கொள்கிறது.

தங்கச்சி அந்த மோதிரத்தைப் போட்டுக்கொண்டுதான் மணவறையில் உட்கார்ந்தாள்.

சேச்சி சொன்ன விஷயம் மட்டும் எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. நல்ல மனுஷி, பொய் சொல்கிறவர் இல்லை. அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று தேடினேன். 1829-ல் வால்டர் ஸ்காட் எழுதிய ஒரு நாவலில் ஒரு பெண் கூந்தலில் ஓபல் அணிந்திருப்பாள். தேவாலயத்தில் தீர்த்தத்தின் ஒரு துளி அதன்மேல் தெறிக்கிறது. கல் ஒருமுறை பளிச்சென்று மின்னி, நிறமெல்லாம் அணைந்துபோகிறது. அவள் மயங்கி விழுகிறாள், மறுநாள் அவள் இருந்த இடத்தில் சாம்பல்தான் இருக்கிறது. இந்தக் கதைக்குப் பிறகுதான் ஓபல் ராசியில்லாத கல் என்ற பேச்சு இங்கிலாந்தில் வலுத்தது என்று ரத்தின வரலாறு எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள். அதைப் படித்தபோது கையில் இருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். தீர்த்தம் பட்டு நிறம் போன கல்! எங்கள் வீட்டுப் பூஜை அறையில் நான் கண்ணால் பார்த்தது அதுதானே.

நீரில் போட்டால் தெளிகிற கல்லை ஐரோப்பாவில் அதற்கு வெகுகாலம் முன்பே தெரியும். 'உலகத்தின் கண்' என்று பொருள்படும் லத்தீன் பெயர் வைத்திருந்தார்கள். அம்மா அதைப் பூ விழுந்த கண்ணாகப் பார்த்தாள், அவர்கள் திறக்கிற கண்ணாகப் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்திலும் எல்லோரும் பயந்துவிடவில்லை. விக்டோரியா மகாராணிக்கு ஓபல் என்றால் பிரியம், மகள்களுக்கும் அதைப் பரிசாகக் கொடுத்தார்.

இன்னும் பின்னால் போனால் ரோமில் இது மிக உயர்ந்த கல். முதல் நூற்றாண்டில் எழுதிய பிளினி ஒரு கதை சொல்கிறார். நோனியஸ் என்ற செனட்டரின் ஓபல் மோதிரத்தின்மேல், ரோமை ஆண்டவர்களில் ஒருவரான மார்க் ஆண்டனிக்கு ஆசை. கொடுக்க மனமில்லாமல், சொத்தையெல்லாம் விட்டுவிட்டு அந்த மோதிரத்தோடு நாட்டைவிட்டே ஓடினார் நோனியஸ். அதே பிளினி ஓபல் இந்தியாவில்தான் விளைகிறது என்றும் எழுதிவைத்தார். ரோமானியருக்குக் கிடைத்த கல் இன்றைய ஸ்லோவாக்கியாவில் தோண்டியது என்பதுதான் ஆய்வாளர்கள் கருத்து. ஆனால் அவர் அப்படி நம்பியதில் எனக்கு ஆச்சரியமில்லை. காங்கேயத்துக்குப் பக்கத்துப் படியூர்ப் பெரில் கல்லும், கொடுமணலில் தேய்த்த மணிகளும் எங்கள் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தானே மேற்குக் கடற்கரைக்குப் போய் ரோமுக்குக் கப்பலேறின. நல்ல கல் என்றால் இந்தியக் கல் என்று அங்கே பேச்சு இருந்திருக்கும். ஓபல் என்ற பெயருக்கே 'உபலம்' என்ற சமஸ்கிருதச் சொல்தான் மூலம் என்று பலரும் சொல்கிறார்கள். உபலம் என்றால் கல் என்று பொருள்.

சரி, மோதிரத்துக்கு வருகிறேன். அதன் கண்டம் அந்தப் பாலோடு முடியவில்லை.

தங்கச்சி உடுமலைப்பேட்டையில் வாழ்க்கைப்பட்டாள். ஏழாம் மாசத்தில் விரல் வீங்கி மோதிரம் இறுகிவிட்டது. பெரிதாக்கித் தரச் சொல்லி ஒரு பட்டறையில் கொடுத்தாள். அவர்கள் கல்லைக் கழற்றாமலே வளையத்தை வெட்டி, துண்டு சேர்த்து, நெருப்பு வைத்து ஊதிவிட்டார்கள். வெள்ளி சூட்டை மிக வேகமாகக் கடத்தும் உலோகம். ஒரு முனையில் ஊதினால் மோதிரம் முழுக்கக் கொதிக்கும். கல்லுக்குள் இருந்த ஈரம் ஆவியாகிப் போக, கோடைகால ஏரி மண் மாதிரி மேலெல்லாம் வெடிப்பு விழுந்துவிட்டது. பாலில் நனைந்தது திரும்பி வந்தது, இது திரும்பாது. எந்த ஓபலாக இருந்தாலும், வளையத்தில் நெருப்பு படுகிற வேலை என்றால் கல்லை எடுத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். கழற்றிய கல்லை வேலை முடியும்வரை நீங்களே வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். மெருகு போடும்போது நகைக்கடையில் வைத்திருக்கும் அதிர்வுத் தொட்டியிலும் நீராவியிலும் போட வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர்களுக்குத் தெரியும் என்று நினைக்காதீர்கள். தங்கமும் வைரமும் மாணிக்கமும் பார்த்துப் பழகின கைகள் அவை. நெருப்பைத் தாங்குகிற கல்லையே அதிகம் பார்த்தவர்கள்.

அந்த வருஷமே என் பங்குக்கு நானும் ஏமாந்தேன். ஒரு கண்காட்சிக் கடையில் கறுப்பு ஓபல் பதக்கம் என்று சொல்லி, கண்ணைப் பறிக்கிற நீலத்தில் ஒன்றைக் காட்டினார்கள். ஆஸ்திரேலியாவில் லைட்னிங் ரிட்ஜ் என்ற ஊர் கறுப்பு ஓபலுக்குப் பேர்போனது, அந்தப் பெயரையும் சொன்னார்கள். விலை கையைக் கடிக்கவில்லை. அதுவே என்னை யோசிக்க வைத்திருக்க வேண்டும். கழுத்தில் போட்டுக்கொண்டே குளித்தேன். ஒரே வருஷத்தில் ஓரத்திலிருந்து சாம்பல் படலம் உள்ளே ஏறிற்று. ஆசாரி பதக்கத்தின் பின்தகட்டைப் பிரித்து, கல்லைப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டினார். மூன்று அடுக்கு. அடியில் கறுப்புத் தகடு, நடுவில் காகிதம்போல் மெலிந்த ஓபல், மேலே பளிங்கு மூடி, எல்லாம் பசையால் ஒட்டியது. பசைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. இந்த ஒட்டுக் கல்லை விற்பது தப்பில்லை, ஒட்டு என்று சொல்லி அதற்குரிய விலைக்கு விற்றால். பின்பக்கம் மூடியிருக்கிற நகையில் ஓபல் வாங்காதீர்கள். பக்கவாட்டில் பாருங்கள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேர்க்கோடு தெரிந்தால் ஒட்டு. நிறத் திட்டுகள் பாம்புச் சட்டைபோல் ஒரே ஒழுங்கில் இருந்தால் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த கல்லாக இருக்கலாம். நிறமே ஓடாமல் பால்போல் நீலம் பூத்திருந்தால் பெரும்பாலும் அது கண்ணாடி. அதையும் ஓபல் என்ற பெயரில் விற்கிறார்கள். எத்தியோப்பியக் கல்லிலேயே புகையேற்றிக் கறுப்பாக்கியதும் சாயமேற்றியதும் உண்டு. ஆகவே பில்லில் நாடு, இயற்கையா, ஏதாவது செய்திருக்கிறார்களா என்ற மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். விலை அதிகமென்றால் பரிசோதனைக்கூடச் சான்று இல்லாமல் எடுக்காதீர்கள்.

இப்போது நான் காதில் போட்டிருப்பது வெள்ளை ஓபல் கம்மல். அத்தை மகன் அடிலெய்டில் இருக்கிறான், அவன் கூபர் பீடியிலிருந்து வாங்கிவந்தது. 1915-ல் ஒரு பதினாலு வயதுப் பையன் கண்ணில் முதலில் பட்ட ஓபல் அந்த ஊரையே உண்டாக்கியது. வெயிலுக்குப் பயந்து பாதி ஊர் பூமிக்கடியில் குடைந்த வீடுகளில் வாழ்கிறது என்று போட்டோ காட்டினான். ஆஸ்திரேலியக் கல் பெரும்பாலும் இப்படிக் குடிக்காது, வெறும் தண்ணீரில் கழுவித் துடைக்கலாம். ஆனாலும் கம்மலாகத்தான் கேட்டேன். மோஸ் என்கிற கடின அளவுகோலில் ஓபல் 5.5 முதல் 6.5 வரைதான். தூசியில் இருக்கிற குவார்ட்ஸ் 7. கையில் போட்டால் பாத்திரமும் அம்மியும் வாசற்படியும் தினமும் உரசும். காதுக்கும் கழுத்துக்கும் அந்தத் தொல்லை இல்லை. விரலுக்கே வேண்டுமென்றால், கம்பி நகம் பிடித்த கட்டைவிட, சுற்றிலும் விளிம்பு மடித்து அணைத்த கட்டுதான் நல்லது. அடி திறந்த மோதிரத்தில் வியர்வையும் சோப்பும் நேரே கல்லுக்குப் போகும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் கழற்றிவிட வேண்டும். நல்லெண்ணெயில் ஊறவைத்தால் பளபளக்கும் என்பவர்களை நம்பவேண்டாம். எத்தியோப்பியக் கல் அந்த எண்ணெயோடு மங்கி நின்றுவிடும். ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்கள் நகைப் பெட்டிக்குள் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

பூஜைக்கு என்ன செய்வது என்பதுதான் பலருக்கும் கேள்வியாக இருக்கும். தங்கச்சிக்கு இரண்டாவது கல் வாங்கினபோது எங்கள் கோயில் பூசாரியிடமே அம்மா கேட்டாள். பாலைச் சாமிக்கு அபிஷேகம் செய்துவிட்டு, மோதிரத்தை வெற்றிலைமேல் வைத்துப் பூ சாத்தி, தள்ளி நின்று தீபம் காட்டிக் கொடுத்தார். ஜோசியரும் அதை ஒப்புக்கொண்டார். கல்லுக்குப் பதிலாகச் சாமி குளித்தால் குறையொன்றும் இல்லை என்றார்.

வெடிப்பு விழுந்த பழைய கல்லைத் தூக்கிப்போட அம்மா விடவில்லை. ஒரு சின்னச் சம்புடத்தில் பஞ்சுமேல் வைத்திருக்கிறாள். வெடிப்புக்கு நடுவிலும் அதில் பச்சை ஓடுகிறது.

போன இடவப்பாதி மழையில் தங்கச்சி உடுமலையிலிருந்து போன் செய்தாள். குழந்தை மோதிரத்தைத் தண்ணீர்ச் சொம்புக்குள் போட்டுவிட்டானாம், கல் ஜவ்வரிசியாகிவிட்டதாம். நான் பேசுவதற்குள் அம்மா போனை வாங்கிக்கொண்டாள்.

"துணி மேல வெச்சு விட்டுரு சாமி. நாலாம் நாள் வெள்ளையாகும், பயந்துக்காத. பத்துப் பன்னண்டு நாள்ல வந்துரும்."